யார் எழுதிக் கொடுத்தது

சுற்றறிக்கை வந்த அன்று கம்ப்ரசர் சார் பட்டறையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வெளியே மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலே பேச வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும்.

"சோப்புத் தண்ணியைத் தடவிட்டு அடுத்த குழாய்க்கு ஓடாதீங்கப்பா! நின்னு பாருங்க! பெரிய ஓட்டைன்னா உடனே நுரை கட்டும். சின்ன ஓட்டை உங்களைவிடச் சோம்பேறி. ஆற அமரத்தான் கொப்பளிக்கும்!"

மாணவர்கள் சிரித்தார்கள். மாணவர்கள் என்றால் மீசை நரைத்தவரும் அதில் உண்டு. அது சமுதாயக் கல்லூரி. பாதியில் படிப்பை விட்டவர்கள், பகலெல்லாம் கடையிலும் கிடங்கிலும் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஒரு தொழில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், பெரிய கல்லூரி வாசலில் நின்று திரும்பியவர்கள், இவர்களுக்காக நடத்துவது. பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற பிரிவுக்கு அவர் ஆசிரியர். வாயைத் திறந்தால் கம்ப்ரசரைத் தவிர வேறு பேச்சு வராது என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

ஆபீஸ் மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேனேஜருக்கு எப்போதும் அவர் அண்ணன்தான்.

"அண்ணே, ஒரு தலைவலி வந்திருக்கு. அடுத்த பருவத்துல இருந்து பாடம் நடத்துற எல்லாருக்கும் டிகிரி இருக்கணுமாம். மேலிடத்து உத்தரவு."

"எனக்குத்தான் சர்ட்டிபிகேட் இருக்கே."

"அது தொழிற்பயிற்சிச் சர்ட்டிபிகேட்டுண்ணே. டிகிரி கேக்குறாங்க. இல்லாதவங்களுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, அனுபவத் தகுதின்னு பேரு. உங்க அனுபவத்தை உங்க சொந்த வார்த்தையில விரிவா எழுதிக் குடுக்கணும். ஆன்லைன்லதான். கமிட்டி படிச்சுப் பார்த்து, தகுதி உண்டு இல்லைன்னு சொல்லும்."

"எழுதணுமா?" என்றார் சார். கழுத்தில் கத்தி வைத்தது போல முகம் வெளுத்துப்போனது. "செஞ்சு காட்டச் சொன்னா செஞ்சு காட்டிடுவேனேப்பா."

"செஞ்சு காட்டுறதுக்கு அதுல இடம் விடலையே, என்ன பண்றது."

வீட்டுக்கு வருகிறபோது சாருக்கு இடுப்பு வலித்தது. மழைக்காலத்தில் அது அப்படித்தான். இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அவர் மாடி மாடியாக ஏறி வெளிச்சுவரில் ஏசி மாட்டுகிறவராக இருந்தார். ஒரு நாள் ஏணி சறுக்கியது. விழுந்ததில் இடுப்பில் தகடு வைக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து படியைப் பக்கவாட்டில்தான் ஏறுவார். ஏணியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கும். இந்த வேலை போனால் அவருக்குத் தெரிந்த வேறு வேலை ஏணி மேலேதான் இருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்ப யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய மனைவியும் அதே கல்லூரியில்தான் வேலை பார்த்தாள். டிகிரிக்கு அவளிடம் குறைச்சலே இல்லை. எம்.ஏ., எம்.ஃபில்., அதற்கு மேல் ஒரு டிப்ளமோ வேறு. ஒரு காலத்தில் மொழிப்பாடம் நடத்தினாள். தொழில் படிக்கிறவனுக்கு மொழி எதற்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டு, அந்த வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கடைசியில் எழுத்து உதவி அறை என்று ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, காற்று வராத ஒரு ஜன்னல். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவன், பிராஜெக்ட் அறிக்கை எழுதுகிறவள், எல்லோரும் அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். டீச்சர் சிவப்புப் பேனாவால் கிழித்துக் கிழித்துத் திருத்திக் கொடுப்பாள். 'சிவப்பு மை' என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட.

சமீபத்தில் இன்னொரு வேலையும் தலையில் விழுந்திருந்தது. கொண்டுவருகிற எழுத்தை ஆள் எழுதியதா, கேட்டதை எழுதித் தருகிற ஏஐ மெஷின் எழுதியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சாஃப்ட்வேரும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது இத்தனை சதவீதம் மெஷின் என்று சிவப்பில் காட்டும். ஆனாலும் கடைசி வார்த்தை டீச்சருடையதுதான். அவள் மெஷின் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மூன்றாவதாக அந்த வீட்டில் இருந்தது சாருடைய அக்கா. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். டீச்சருக்கு அவள் அண்ணி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குப் பாவாடை, திரைச்சீலை, தலையணை உறை என்று தைத்துக்கொண்டிருப்பாள். கால் மிதித்துக்கொண்டே இருக்கும். வாயும் அதற்கு ஈடு கொடுக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் அவள், "இவனை எழுதச் சொன்னா விளங்கினாப்லதான்," என்றாள். "கல்யாணப் பத்திரிகையில விலாசம் எழுதக் குடுத்தேன். பாதி எனக்கே திரும்பி வந்துச்சு."

"அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரேன்."

"நான் சும்மாதான் இருக்கேன். வாய்தான் பேசுது."

சார் நாலு நாள் எழுதினார். எழுதினார் என்பதைவிடப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார் என்பதே சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வாங்கிப் பார்த்தாள். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. 'பல வருடம் ஏசி வேலை செய்தேன். எல்லா கம்பெனி ஏசியும் தெரியும். மாணவர்களுக்கு நன்றாகச் சொல்லித் தருவேன். என் இடுப்பு சரியில்லை. தயவு செய்து பார்க்கவும்.'

"என்னங்க இது, லீவ் லெட்டரா?"

"எனக்கு இவ்வளவுதான் வருது. விடு."

"இடுப்பை எதுக்கு எழுதினீங்க?"

"உண்மைதானே?"

டீச்சருக்கு அவர் மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "சரி, நகருங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்," என்று லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

அன்று முழுக்க மழை. வெளியே காயப்போட முடியாத துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில் தொங்கியது. ஈரத்துணி நாற்றமும் பருப்பு வேகிற வாசனையும் ஒன்றாக அடித்தது. சார் வெங்காயம் உரித்தபடியே பேசினார். டீச்சர் போலீஸ் மாதிரி கேள்வி கேட்டாள். முதல்ல எந்தக் கடையில வேலை? யாரு கத்துக் குடுத்தா? புதுசா வர்ற பையனுக்கு முதல் நாள் என்ன சொல்வீங்க? முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று கிள்ளிக் கொடுத்தவர் போகப் போகத் தாராளமாகிவிட்டார்.

"முதல் நாள் வந்து குளிர் எப்படி சார் உண்டாக்குறதுன்னு கேப்பானுங்க. குளிர்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடான்னு சொல்வேன். உள்ள இருக்கிற சூட்டைத் தூக்கிட்டுப் போய் வெளிய கொட்டுறோம். அவ்வளவுதான். குப்பை அள்ளுற வேலைதான் நமக்கு."

டீச்சரின் விரல் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. சொல்லியிருப்பாரோ என்னவோ, அவள் காதில் விழவில்லை. அதை அவள் தன் நடையில் எழுதினாள். 'குளிர் என்பது தனியே ஒரு பொருள் அல்ல. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் உழைப்பின் பெயரே குளிர். இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் ஒரு மாணவன் தொழிலாளி ஆகிறான்.' எழுதிவிட்டு வாய்விட்டு ஒருமுறை படித்தாள்.

"இதை நானா சொன்னேன்?" என்றார் சார்.

"நீங்கதான் சொன்னீங்க. நான் சட்டை மாட்டி விட்டேன்."

பருப்பு அடிப்பிடித்தது. அண்ணி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "புருஷனும் பொண்டாட்டியும் என்னத்தைக் கண்டீங்களோ, சோறு போச்சு," என்று முட்டையை உடைத்து ஊற்றினாள். மூன்று பேரும் முட்டையும் சோறும் சாப்பிட்டார்கள். டீச்சர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். எம்.ஃபில். முடித்த பிறகு அவள் எழுதியதெல்லாம் அடுத்தவர் எழுத்தின் ஓரத்தில்தான். முழுதாகப் பத்துப் பக்கம் தன் கையால் எழுதி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே ஞாபகமில்லை.

விண்ணப்பத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள் இருந்தன. மெஷின் உதவி பெற்றீர்களா? இல்லை என்று தட்டினார்கள். இது முழுக்க உங்கள் சொந்த வார்த்தைகளா? சார் கொஞ்சம் தயங்கினார்.

"இது உன் வார்த்தையாச்சே."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னங்க என் வார்த்தை உன் வார்த்தை? தட்டுங்க."

தட்டினார். அங்கேதான் கிடந்தது வினை.

அடுத்த வாரம் மேனேஜர் சாரைத் தனியாகக் கூப்பிட்டு ஸ்டோர் ரூமுக்குள் கொண்டுபோனார். சார் அதே வேகத்தில், நனைந்தபடி, எழுத்து உதவி அறைக்கு வந்தார். வரிசையில் நின்ற பெண்ணைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சாஃப்ட்வேர்ல போட்டிருக்காங்க. மெஷின் எழுதினதுன்னு வருதாம். ஏறக்குறைய முழுசுமே சிவப்பாம்."

"என்ன உளர்றீங்க?"

"நான் உளறலைம்மா. மெஷின் இல்லைன்னு தட்டியிருக்கீங்க, மெஷின்னு வருது, அப்போ பொய் சொல்லியிருக்கீங்கன்னு கமிட்டி கேக்குதாம்."

டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அது அடங்கியது. போன மாதம் முதியோரைப் பராமரிக்கிற படிப்பில் இருக்கும் ஒரு பெண், 'நானே எழுதினது டீச்சர், சத்தியமா நானே எழுதினது' என்று இதே மேஜை முன்னால் நின்று அழுதாள். அழுகை எல்லாம் நிறையப் பார்த்தாச்சு என்று டீச்சர் மெஷின் என்றே எழுதி அனுப்பினாள். அந்தப் பெண் அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை. இப்போது அவள் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் போய் நான்தான் எழுதினேன்னு சொல்லிடுறேன்," என்றாள்.

"அதைத்தான் சொல்லக் கூடாதாம்." சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "விதியை நாம சரியாப் படிக்கலை. வேற ஆள் எழுதிக் குடுத்தா விண்ணப்பமே தள்ளுபடி. எழுதிக் குடுத்தது இங்க வேலை பார்க்கிற ஆளா இருந்தா அவங்க மேலயும் நடவடிக்கை. ஆனா மெஷின் உதவி எடுத்தா தப்பே இல்லை. எடுத்தேன்னு சொல்லணும், அவ்வளவுதான். சொல்ல மறந்துட்டேன்னு இப்போ திருத்திக் குடுத்தாக்கூட ஏத்துக்குவாங்களாம். மேனேஜர் சொல்றான், 'அண்ணே, பேசாம மெஷின்னு சொல்லிடுங்க, கதை முடிஞ்சுது'ன்னு."

"அப்போ மெஷின் எழுதினா மன்னிப்பு உண்டு. மனைவி எழுதினா கிடையாது."

"அப்படித்தான் போல."

வெளியே நின்ற பெண் கதவைத் தட்டினாள். டீச்சர் அவளை உள்ளே கூப்பிட்டு விண்ணப்பத்தை வாங்கினாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். அன்று ஒரு வரியைக்கூட அவளால் திருத்த முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் பெரிய ரகளை. ரகளை என்றால் சத்தமில்லாத ரகளை. டீச்சர் பாத்திரத்தைத் தேய்த்தாள். சார் துணியைக் கொடி மாற்றிப் போட்டார். அண்ணி மட்டும் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே பேசினாள்.

"எவன் எழுதினா என்னம்மா? சம்பளம் வந்தா சரி. மெஷின்னு சொல்லிட்டுப் போங்களேன். மெஷின் என்ன கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வரப் போகுதா?"

"அண்ணி, நீங்க தைச்ச பாவாடையை யாராவது ரெடிமேட் கடையில வாங்கினதுன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அண்ணி யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கும். அவ்வளவு நீட்டா இருக்குன்னுதானே அர்த்தம்?"

டீச்சர் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். சார் துணியை விட்டுவிட்டு வந்தார்.

"வேண்டாம்மா. இதுக்கு நீ மனசு கஷ்டப்படாதே. நான் ராஜினாமா குடுத்துடுறேன். பழைய கடைக்காரர் போன மாசம்கூடக் கேட்டார். ஆள் கிடைக்கலையாம்."

"எதுக்கு ஆள்?"

"வேலைக்கு."

"ஏணி வேலைக்கா?"

"பெல்ட் எல்லாம் குடுக்குறாங்க இப்போ. முன்ன மாதிரி இல்லை," என்றார் அவர். சொல்லும்போதே வலது கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒன்றரை மாதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஓரம் கட்டி வைத்திருந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது அலுப்பு மட்டும்தான்.

"மெஷின்னே சொல்லிடுங்க," என்றாள். "சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க. ஏணிப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதீங்க."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, கமிட்டி கூடுகிற நாளில் கல்லூரி முதல்வர் டீச்சருக்கும் ஆள் அனுப்பினார்.

முதல்வர் அறையில் ஏசி ஓடவில்லை. மழைக்குக் கதவையும் சாத்தி வைத்திருந்ததால் புழுங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர், பக்கத்தில் மேனேஜர், சுவரோரம் சார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை போல. முதல்வர் கெட்ட மனுஷன் இல்லை. மேலே இருந்து வருகிற உத்தரவைக் கீழே இறக்கி இறக்கிக் களைத்துப் போனவர். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

"உட்காருங்க டீச்சர். உங்க வீட்டுக்காரர் விஷயத்துல உங்களையே கூப்பிடுறது நியாயமில்லைதான். ஆனா விதியில மொழித் துறையோட கருத்தை வாங்கணும்னு இருக்கு. நம்ம காலேஜ்ல மொழித் துறைன்னா நீங்க ஒருத்தர்தான். சார் மெஷின் உதவி எடுத்ததா இப்போ ஒப்புக்கிட்டார். ஆனா கமிட்டியில ஒருத்தருக்குச் சந்தேகம். வீட்டிலேயே ஒரு டீச்சர் இருக்காங்களே, அவங்க எழுதிக் குடுத்திருந்தா, தப்பிக்கிறதுக்காக மெஷின்னு சொல்றாரோன்னு கேக்குறார். நீங்க பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா தீர்ந்தது."

அந்தச் சந்தேகக்காரர் யாரோ, கெட்டிக்காரர்தான். டீச்சர் தாள்களை வாங்கினாள். பிரிண்ட் எடுத்திருந்தார்கள். அவளுடைய வரிகள் எல்லாம் சிவப்பில் இருந்தன.

அவள் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயம். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

"மெஷின்தான் சார்," என்றாள்.

"காரணம் ரெண்டு சொன்னீங்கன்னா பதிவு பண்ணிக்கலாம்."

தன் பிள்ளையைத் தானே குறை சொல்லிக் காட்டுகிற மாதிரி அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வரி எல்லாம் ஒரே சீரா இருக்கு சார். எங்கயும் தடுமாற்றமே இல்லை. ஆள் எழுதினா எங்கயாவது ஒரு இடத்துல கோணும். அப்புறம், 'இது இது அல்ல, அது'ன்னு திருப்பித் திருப்பிச் சொல்றது. அது மெஷினோட பழக்கம். ஒவ்வொரு பத்தியும் ஒரு அழகான வாக்கியத்துல முடியுது. வாழ்க்கையில யாரும் அப்படிப் பேசறதில்லை." ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "எழுதினவருக்கு மனசு இருந்திருந்தா இவ்வளவு ஒழுங்கா வந்திருக்காது சார்."

சுவரோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மேனேஜர் சட்டென்று எழுந்துபோய்ச் சாருடைய தோளில் கை வைத்து அழுத்தினார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நல்ல மனுஷன், கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

முதல்வர் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "இருந்தாலும் பாருங்க. 'வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் உழைப்பின் பெயரே குளிர்.' என்ன எழுத்து! நான் நேத்து என் வீட்டம்மாகிட்டக்கூடப் படிச்சுக் காட்டினேன். மெஷின் இவ்வளவு தூரம் வந்துட்டுதா?"

"வந்துட்டுது போல சார்."

"நீங்க உங்க வீட்டுக்காரர்னு பார்க்காம உள்ளதைச் சொன்னீங்க பாருங்க. இப்படித்தான் இருக்கணும் டீச்சர்."

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் இருவரும் ஒரே குடையில் நின்றார்கள். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க," என்றாள் டீச்சர். "இன்னிக்கு ஒரு நாள் பேசாம வாங்க."

அனுபவத் தகுதி உண்டு என்று மழை விட்ட வாரத்தில் தகவல் வந்தது. பட்டறையில் மாணவர்கள் பன்னும் டீயும் வாங்கி வைத்து அமர்க்களம் பண்ணிவிட்டார்கள். நரைத்த மீசைக்காரர் சாரைத் தூக்கியே விட்டார். இடுப்பு, இடுப்பு என்று அவர் அலறியதை யாரும் காதில் வாங்கவில்லை. சத்தம் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறை வரைக்கும் கேட்டது. டீச்சர் மேஜையில் உட்கார்ந்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். எது எப்படியோ, மனுஷன் தரையில் நிற்கிறார், அது போதும் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து முதல்வரே நேரில் வந்தார். எப்போதும் ஆள் அனுப்புகிறவர் படியிறங்கி வந்தாரே என்று அவள் எழுந்து நின்றாள். அவர் உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார்.

"டீச்சர், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அடுத்த பருவத்துல இருந்து இந்த அறையை எடுத்துடலாம்னு கமிட்டியில முடிவாயிருக்கு. திருத்துறதுக்கெல்லாம் இனி மெஷினையே வச்சுக்கலாமாம். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். சார் எழுதினதை எல்லாரும் படிச்சிருக்காங்க இல்லையா. ஒரு ஏசி மெக்கானிக்கையே மெஷின் இவ்வளவு அழகா எழுத வைக்குதுன்னா தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்க. நீங்களே பார்த்து மெஷின்தான்னு சொன்னது வேற பதிவுல இருக்கு. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்?"

"வேற வகுப்பு ஏதாவது சார்? மொழி வகுப்பு?"

"அதுதான் எப்பவோ எடுத்துட்டாங்களே டீச்சர். உங்க படிப்புக்கு வெளிய எங்க போனாலும் கிடைக்கும்." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதில், இந்தப் படிப்புக்கு, வெளியே எங்கே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியாது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். சொந்த எழுத்தில் வைத்துக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சாயங்காலம் சார் ஒரு கோழி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணி தையலை மூடிவிட்டுச் சமைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் ஈரத்துணி நாற்றம் இல்லை. மூன்று தட்டிலும் சோறு விழும் வரைக்கும் டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சார் பட்டறையில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம் சொன்னாள். ஒரே மூச்சில், வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, "அட பாவிகளா," என்றாள் மெதுவாக. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

சார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"உட்காருங்க. எங்க போறீங்க?"

"முதல்வர் வீடு எனக்குத் தெரியும். இப்பவே போய்ச் சொல்லப்போறேன். நான் ஒரு வரிகூட எழுதலை, எல்லாம் நீ எழுதினதுன்னு. அந்தக் குளிர் சூடு எல்லாம் உன் எழுத்துன்னு. வேலை போனாப் போகட்டும், ரெண்டு பேருக்கும் போகட்டும். உன் எழுத்தை மெஷின்னு சொல்லிட்டு நான் எப்படிம்மா அந்தப் பட்டறையில நிப்பேன்?" அவர் குரல் உடைந்தது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட அழவில்லை.

டீச்சர் அவர் தட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"போய்ச் சொல்லுங்க. அவர் உங்களை உட்கார வச்சு டீ குடுத்து, பொண்டாட்டி வேலையைக் காப்பாத்த எவ்வளவு நல்ல மனுஷன் பாருன்னு அனுப்பி வைப்பார். யாருங்க நம்புவா? இதை ஒரு மனுஷி எழுதியிருக்கவே முடியாதுன்னு காரணத்தோட எடுத்துச் சொன்னது நான்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். டீச்சர் தன் தட்டில் இருந்த ஒரு கறித்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.